திருப்பதி சார் ஓடிய கண்மாய்

வல்லத்திராக்கோட்டையில் திருப்பதி சாரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். மூன்று வயதில் வந்த அம்மை இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. திருச்சியில் விடுதியில் தங்கி, பிரெய்லியைத் தடவித் தடவிப் படித்து, பட்டமும் வாங்கி வேலையும் வாங்கியவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கணீரென்ற குரல். பாடம் நடத்தும்போதே கடைசி பெஞ்சில் யார் முறுக்கு கடிக்கிறான் என்று சத்தத்தை வைத்துப் பிடித்துவிடுவார். "பாதிய இங்கிட்டு அனுப்பிட்டு மீதியத் தின்னு" என்பார். வகுப்பே சிரிக்கும். முறுக்கும் வந்து சேரும்.

அந்த முறுக்குகளும், பள்ளிக்கு எதிர்த்த டீக்கடை பஜ்ஜிகளும், ஆண்டுக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்த சாயங்காலங்களும் சேர்ந்து ஒருநாள் வேலையைக் காட்டின. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார்.

"தினமும் வேகமா நடங்க சார். நடக்கும்போது பேசினா மூச்சு வாங்கணும். அதுதான் நடை. மத்ததெல்லாம் உலாத்துறது."

சார் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். ரோட்டில் முடியாது. மணல் லாரிக்கும் நாய்க்கும் நடுவே கோலைத் தட்டிக்கொண்டு எவ்வளவு வேகம் போய்விட முடியும்? மொட்டைமாடிதான் வசதி. இடது கையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். காலையில் கொஞ்சம், பள்ளி விட்டு வந்து கொஞ்சம். மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால், சர்க்கரை அசையவே இல்லை.

"நீங்க நடக்கலையோ?" என்றார் டாக்டர்.

அந்தக் கேள்வி சாருக்குச் சுருக்கென்று தைத்தது. பஸ்ஸில் வரும்போது மனைவி மணிமேகலையிடம் புலம்பினார். அவள் அங்கன்வாடிப் பணியாளர். அழுகிற குழந்தையையும் கோபப்படுகிற புருஷனையும் ஒரே குரலில் சமாதானப்படுத்தத் தெரிந்தவள்.

"நடந்தது எனக்குத் தெரியும். வேகமா நடந்தேனான்னு எனக்கு எப்படித் தெரியும், மேகலை? மத்தவங்களுக்குப் பக்கத்துல போற மரம் சொல்லும், வீடு சொல்லும். எனக்கு யாரு சொல்றது?"

ஆசிரியர் ஓய்வறையில் எல்லோரும் கையில் கட்டிக்கொண்டு பெருமை பேசும் கடிகாரம் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. நடையை எண்ணுமாம், நாடியை எண்ணுமாம். கண்ணில்லாதவனுக்கும் அது சொல்லுமா?

ஒரு சனிக்கிழமை இருவரும் புதுக்கோட்டைக்குப் போனார்கள். கீழராஜ வீதிப் பக்கம் ஒரு செல்போன் கடை. கவுண்டரில் வைஷ்ணவி என்று ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் மணிமேகலையைப் பார்த்து, "சாருக்கு என்ன மாதிரி வேணும்க்கா?" என்றாள்.

"கட்டிக்கப் போறது நாந்தாம்மா. எங்கிட்டயே கேளு" என்றார் சார்.

அந்தப் பெண் ஒரு நொடி தடுமாறினாள். பிறகு விற்பனைக்காரியின் உற்சாகத்தோடு ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் வைத்தாள். இது பெரிய திரை, இது பளிச்சென்று இருக்கும், இதில் நூறு விதமான முகப்பு மாற்றிக்கொள்ளலாம். சாருக்கு எல்லாமே ஒன்றுதான். வழுவழுவென்று ஒரு கண்ணாடி, அதற்கு இரண்டு வார். எங்கே தொட்டால் என்ன ஆகும் என்று விரலுக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

"கண்ணாடிய விக்கிறியேம்மா, கடிகாரம் இல்லையா?" என்றார்.

அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் வைஷ்ணவி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மணிமேகலை அவர் காதருகே குனிந்து, "அந்தப் புள்ள கண்ண மூடிக்கிட்டு ஒவ்வொன்னா தடவிப் பாக்குதுங்க" என்று கிசுகிசுத்தாள்.

உண்மையில் அப்படித்தான் நின்றிருந்தாள் வைஷ்ணவி. கடைக்கு வந்த வேறு இரண்டு பேர் அவளைக் கூப்பிட்டும் கண்ணைத் திறக்கவில்லை. ஒன்றை எடுப்பாள், தடவுவாள், கட்டுவாள், கழற்றுவாள், தள்ளி வைப்பாள். கடைசியில் ஒரு சின்னப் பட்டையை எடுத்துச் சாரின் விரலை அதன் மேல் வைத்தாள். பக்கவாட்டில் மேடாக ஒரு பொத்தான். அழுத்தினால் கையில் ஒரு அதிர்வு. சார்ஜ் போடும் வயரைப் பக்கத்தில் கொண்டுபோனாலே காந்தம் இழுத்துச் சரியான இடத்தில் ஒட்டிக்கொண்டது. தேடவே வேண்டாம்.

அதோடும் விடவில்லை அவள். "ஒங்க போன் பேசும்ல சார்? அதோட சேருதான்னு பாத்துருவோம்" என்றாள். சாருடைய போன், திரையில் விரல் படும் இடத்தையெல்லாம் வாசித்துச் சொல்லும். முதலில் விலை கூடிய ஒன்றை அதோடு இணைத்துப் பார்த்தாள். போன் அதே சாந்தமான குரலில், "பட்டன்... பட்டன்... பட்டன்..." என்று சொல்லிக்கொண்டே போனது. எந்தப் பட்டன் எதற்கு என்று அதற்கே தெரியவில்லை. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். சின்னப் பட்டையை இணைத்தபோதுதான், "இன்றைய நடை, இதயத் துடிப்பு, உறக்கம்" என்று பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல வரிசையாகச் சொன்னது.

"இதுதான்" என்றார் சார்.

வைஷ்ணவியே அவர் இடது மணிக்கட்டில் கட்டிவிட்டாள். எலும்புக்கு ஒரு விரல் மேலே, இறுக்கமும் வேண்டாம், லொடலொடவென்றும் வேண்டாம். அப்போது மணிமேகலை, "இதென்ன, அடியில பச்சையா மினுங்குது?" என்று கேட்டாள்.

"அதுதாங்க்கா நாடிய எண்ணுறது. அந்த வெளிச்சம் தோலுக்குள்ள போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ள ரத்தம் கூடும், குறையும். அதுக்கேத்த மாதிரி வெளிச்சம் கூடக் கொறைய திரும்பி வரும். அத வச்சுக் கணக்கெடுக்குது."

சார் கையை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தார். "வெளிச்சமா? எனக்குள்ளயா?" என்றார்.

"ஆமா சார்."

பணம் கட்டியதும், பேருந்து நிலையம் வந்ததும், பஸ் ஏறியதும் எல்லாம் மணிமேகலை பாடு. வாய் ஓயாத மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து வலது கையால் இடது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டே வந்தார். பாதி வழியில் அவளே கேட்டாள்.

"என்னங்க, பிடிக்கலையா?"

"இல்ல மேகலை. வெளிச்சம் வெளிச்சம்னு ஊரே சொல்லுது. எனக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லன்னு இருந்துட்டேன். அது தோலுக்குள்ள எறங்கி, ரத்தத்தத் தொட்டுட்டுத் திரும்பி வருதாம். நெனச்சா புல்லரிக்குது."

அவள் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். உண்மையிலேயே மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

மறுநாள் காலை மாடியில் வழக்கம்போல் நடந்தார். நன்றாக வியர்த்தது போலத்தான் இருந்தது. முடித்துவிட்டுப் போனைத் தட்டினார். நாடி, உட்கார்ந்திருந்ததைவிடக் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. அது போகட்டும். நடை என்ற இடத்தில் அது சொன்ன எண்ணைக் கேட்டு அவருக்கு ஆத்திரமே வந்துவிட்டது. படுக்கையிலிருந்து எழுந்து பல் தேய்த்து வந்த நடைதான் அதில் இருந்தது. மாடியில் சுற்றிய சுற்றெல்லாம் எங்கே?

"நான் நடக்கவே இல்லங்குது, மேகலை! டாக்டரும் இதும் ஒன்னா சேந்துக்கிருச்சுக!"

மணிமேகலை மாடிக்கு வந்தாள். இன்னொரு முறை நடக்கச் சொல்லிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

"கை ஆடுனாத்தானே அது எண்ணும்? ஒங்க கை செவுத்துலயே இருக்கே."

பட்டையை வலது கைக்கு மாற்றிக் கட்டினார்கள். கோலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நடந்தார். கோல் அப்படியும் இப்படியும் தட்டியதை அது ஏதோ அரைகுறையாக எண்ணியது. சார் திண்டாடிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. வலது கையில் கோல். இடது கையில் மணிமேகலையின் முழங்கை, இல்லாவிட்டால் சுவர், இல்லாவிட்டால் பஸ் கம்பி. நினைவு தெரிந்த நாளிலிருந்து இரண்டு கையும் சும்மா இருக்க அவர் ஒரு தடவைகூட நடந்ததில்லை. மற்றவர்கள் நடக்கும்போது கையை வீசுவார்கள் என்பதைக்கூட அவர் கேள்விப்பட்டதோடு சரி.

இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. மலைத்துப்போய்ச் சொன்னார். சொன்னது வீரய்யாவிடம். வீரய்யா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அதே தெருக்காரர், சாருக்கு மாமன் மகன் முறை. தொந்தியும் தொண்டையும் பெரிசு.

வீரய்யா கொஞ்சம் யோசித்தார். "கம்மா வத்திக் கெடக்குல்ல மாப்ள?" என்றார்.

"அதுக்கென்ன?"

"அதுல யாரு குறுக்க வரப்போறா? செவுரு இல்ல, கரண்டு மரம் இல்ல, வண்டி இல்ல. நீ பாட்டுக்கு வீசிக்கிட்டு நட."

சித்திரை வெயிலில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மடைக்குக் கிழக்கே ஆடு மேயும் பக்கம் மட்டும் தரை சமமாக இருக்கும். வண்டல் அள்ளிய குழிகளெல்லாம் மறுகோடியில். வீரய்யா முதல் நாளே போய், சீமைக்கருவேல முள்ளெல்லாம் பொறுக்கி எறிந்து, காலால் மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார். மணிமேகலையிடம், தெருவோடு நடந்துவிட்டு வருவதாகச் சொன்னதைத் தவிர இரண்டு பேருமே மூச்சு விடவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக இருவரும் போனார்கள். முதலில் ஒரு துண்டு. ஒரு முனை வீரய்யாவிடம், மறுமுனை சாரிடம். கோலைக் கரையிலேயே சாத்திவிட்டார்கள். ஒரு கை சும்மா இருந்தது. அதை என்ன செய்வது என்று சாருக்குத் தெரியவில்லை. வலது கால் போகும்போது வலது கையும் சேர்ந்து போனது. வீரய்யா சிரித்த சிரிப்பில் மேய்ந்த ஆடுகள் ஓடின.

"சிரிக்காதடா. சொல்லிக்குடு."

"இத எப்படிய்யா சொல்லிக்குடுக்குறது? நடந்தா தானா வரும்!"

நான்கைந்து நாள் அப்படியே போனது. பிறகு ஒரு காலையில், வேகம் கொஞ்சம் கூடியபோது, சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கை தன்னால் திரும்பிக்கொண்டது. இடது கால் முன்னே போனால் அதுவும் முன்னே, வலது கால் போனால் அது பின்னே. யாரும் சொல்லித் தரவில்லை. உடம்புக்கு அது முன்பே தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் தெரிந்தே வாய்பொத்திக் காத்திருந்தது போலிருந்தது. சார் பேச்சை நிறுத்திவிட்டு நடந்தார். ஒருவேளை நினைத்தால் போய்விடுமோ என்று பயந்து, அதைப்பற்றி நினைக்காமலேயே நடந்தார்.

அன்றைக்குத்தான் வீரய்யா துண்டை விட்டார்.

"மாப்ள, அங்கிட்டு நின்னு கூப்புடுறேன். எஞ் சத்தத்தப் புடிச்சுக்கிட்டே வா. குழி கிடையாது, முள்ளு கிடையாது. எங்க ஆத்தா மேல சத்தியம்."

வீரய்யாவின் காலடி தூரமாகப் போய் நின்றது. சுற்றிலும் எதுவுமே இல்லை. வீட்டுக்குள் இருந்தால் சுவர் பக்கத்தில் இருப்பது காதுக்குத் தெரியும். ரோட்டில் இருந்தால் கடைகளின் இரைச்சல் தெரியும். இங்கே சத்தம் போனால் போனதுதான், எதிலும் மோதித் திரும்பவில்லை. இப்படி ஒரு பெரிய இடத்தில் தான் மட்டும் நிற்பது அவருக்கு அதுவே முதல் தடவை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். தொட ஒன்றும் இல்லை. மெதுவாகக் கைகளை இறக்கினார்.

"ஏ மாப்ள... வா... நேரா வா..."

நடந்தார். கை வீசியது. இன்னும் கொஞ்சம் வேகமாக. தரை காலை ஏமாற்றவில்லை. இன்னும் கொஞ்சம். அப்புறம் எந்த அடியில் நடை ஓட்டமாக மாறியது என்று அவரால் பிறகு எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை. இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் இல்லாத ஒரு கணம் வந்தது. மறுபடி வந்தது. காதில் காற்று இரைந்தது. காற்று என்பது எங்கிருந்தோ வந்து தன்மேல் படுவது என்றுதான் அவர் இருந்தார். மரம் அசையாத அந்தக் காலையில் இந்தக் காற்று எங்கிருந்தும் வரவில்லை. அவர் ஓடியதால் உண்டானது. நின்றால் நின்றுபோகும் காற்று.

"வா... வா... அப்படித்தேன்... அட, ஓடுறான்யா!"

மணிக்கட்டில் பட்டை படபடவென்று அதிர்ந்தது. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நின்றார். ஒன்றும் ஆகவில்லை. நாடி ஒரு அளவைத் தாண்டினால் அதிரும்படி வைஷ்ணவி வைத்துக் கொடுத்திருந்தாள். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தானாக அதிராமல் கிடந்த அது, இன்றுதான் வாய் திறந்திருக்கிறது.

மூச்சு தாறுமாறாக வாங்கியது. அப்படியே தரையில் மல்லாந்து படுத்தார். முதுகுக்கடியில் மண் பாளங்கள் குளுமையாக இருந்தன. போனை எடுத்துத் தட்டினார். "நூற்று நாற்பத்தெட்டு" என்றது அந்தச் சாந்தமான குரல். சற்றுக் கழித்துத் தட்டினார். குறைந்திருந்தது. மறுபடி தட்டினார். இன்னும் குறைந்திருந்தது. அவர் ஒன்றுமே செய்யவில்லை, படுத்துக் கிடந்தார், அவ்வளவுதான். உள்ளே ஒன்று, இவன் ஓடுகிறான் என்று அறிந்து தானும் ஓடி, இவன் நின்றுவிட்டான் என்று அறிந்து தானும் மெல்ல மெல்ல இளைப்பாறிக்கொண்டிருந்தது. வலது கையை நெஞ்சின்மேல் வைத்தார். அம்மையில் கிடந்தபோதும் இது துடித்தது. விடுதியில் அழுதபோதும் துடித்தது. பிறப்பதற்கு முன்பே, கண் என்பது உண்டாவதற்கும் முன்பே துடித்தது. இன்றுவரை ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை. இப்படி ஒருவன் கூடவே இருந்திருக்கிறான், ஒருநாள்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லையே என்று நினைத்து, நெஞ்சின்மேல் வைத்த கையை எடுக்காமலே கிடந்தார்.

வீரய்யா பதறிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன மாப்ள, நெஞ்சு வலியா?"

"இல்லடா. கும்புடணும்போல இருக்கு. யாரக் கும்புடுறதுன்னு தெரியல."

ஒரு வாரம் கழித்து மணிமேகலைக்குத் தெரிந்துபோனது. பால் வாங்கப் போனவளிடம் யாரோ, "ஒங்க வீட்டுக்காரரு கம்மாய்ல ஓடுறாராமே" என்று சொல்ல, அவள் தூக்குவாளியோடு கரை ஏறினாள். கீழே, நடுக்கண்மாயில், கோலும் இல்லாமல் துணையும் இல்லாமல் தன் புருஷன் ஓடுவதைப் பார்த்தாள். அலறத்தான் வாயைத் திறந்தாள். சட்டென்று முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தன் குரல் கேட்டால் அவர் இந்தப் பக்கம் திரும்பிவிடுவார், கால் பிசகிவிடும். அவர் வீரய்யாவிடம் போய்ச் சேரும்வரை அவள் மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை.

அப்புறம்தான் இறங்கி வந்தாள். வீரய்யாவுக்குத்தான் முதல் பூசை. "ஏண்ணே, ஒங்களுக்குப் புத்தி இருக்கா? விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா யாரு பாக்குறது? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"தங்கச்சி, சொன்னா நீ விடுவியா?"

அவள் சாரின் பக்கம் திரும்பினாள். சாரின் சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. அந்த முகத்தில் இருந்ததை, கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தரம் ஓடுங்க" என்றாள். "அங்கருந்து சரியாத் தெரியல. கிட்ட நின்னு பாக்கணும்."

அந்தக் கோடை முழுக்கச் சார் ஓடினார். சும்மா சொல்லக்கூடாது, இரண்டு தடவை விழவும் செய்தார். முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் மண். பட்டைக்கடியில் வியர்வை தங்கி அரிப்பெடுத்ததால் ரப்பர் வாரைக் கழற்றித் துணி வார் மாட்டினார்கள். குளித்ததும் கையைத் துடைத்து, கொஞ்ச நேரம் வெறுங்கையாக விடவும் பழகிக்கொண்டார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் நாடி வாரத்துக்கு வாரம் நிதானப்பட்டு வந்ததை போன் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர் போல வாயைப் பிளந்து கேட்டார். பழைய தறிகெட்ட வேகம் போய், உள்ளே இருந்தவன் அடி எண்ணிவைத்து நடக்க ஆரம்பித்திருந்தான். ஆடி பிறந்ததும் டாக்டரிடம் போனார்கள். காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு மாத்திரையைக் குறைத்தார்.

"இப்ப நடக்குறீங்க போல" என்றார்.

"இல்ல டாக்டர், ஓடுறேன்" என்றார் சார். டாக்டர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். மணிமேகலை சிரிக்காமல் நின்றதைப் பார்த்ததும் அவருடைய பேனா அந்தரத்தில் நின்றுவிட்டது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாமல் கொட்டியதில் கண்மாய் கரை முட்ட நிறைந்தது. ஊருக்கெல்லாம் சந்தோஷம். மடையில் தேங்காய் உடைத்தார்கள். சாரும் கரையில் நின்று, அலை வந்து மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் ஓடிய தரை அத்தனையும் இப்போது ஆளுயரத் தண்ணீருக்கடியில் இருக்கிறது என்று வீரய்யா சொன்னார். சார் குனிந்து தண்ணீரை அள்ளி முகத்தில் அறைந்துகொண்டார். வருத்தப்பட்டால் அது ஊருக்குச் செய்கிற பாவம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு நாள், ஓடும் நேரத்துக்கு எழுந்து வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் மணிமேகலை பள்ளிக்கு நேரே போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தாள். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பு விளையாட்டு மைதானத்தில் ஓடிக்கொள்ள அனுமதி கேட்டாள். "இதுக்கெல்லாம் கேக்கணுமாம்மா, அது அவர் பள்ளிக்கூடம்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். ஆனால் மழைக்காலத்தில் வீரய்யாவுக்கு விடிகாலை லோடு அதிகம். நாற்றுக்கட்டு, உர மூட்டை என்று ஆட்டோ ஓய்வதில்லை. அவரால் தினமும் வர முடியாது.

"அப்ப யாரு சத்தம் குடுக்குறது?" என்றார் சார்.

"ஏன், எனக்குத் தொண்ட இல்லையா?"

இப்போது அவள்தான் போகிறாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஈரத்தரையைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்க்கிறாள். கல் கிடந்தால் எடுத்து எறிகிறாள். பிறகு மைதானத்தின் அந்தக் கடைசிக்குப் போய், கொடிக்கம்பத்துக்கு நன்றாகத் தள்ளி நின்று, குரலைச் சரிசெய்துகொள்கிறாள். வீரய்யாவைப் போல அவளுக்குக் கத்த வராது. அங்கன்வாடியில் தத்தி நடக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. உரக்க இல்லாவிட்டாலும் நேராக வரும்.

"வாங்க... வாங்க... நேரா எங்கிட்ட வாங்க..."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சார் வெளியே போகும்போது போடும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். செருப்பைச் சுவரோரம் விட்டார். அவள் குரல் எந்தத் திசையில் என்று ஒருமுறை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வீசி ஓட ஆரம்பித்தார்.